ஒட்டிவைத்த முகம்



நம்முடைய வீட்டு அடுக்களைகளில் முன்பெல்லாம் ஒரு சாடி இருக்கும். தேசிக்காய் ஊறுகாய் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அம்மாவோ பெரியம்மாவோ அதை மூலையில் வைத்திருப்பார்கள். புளிப்பும் உப்பும் மாதக்கணக்காக ஊறினாலும் அந்தச் சாடிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே ஊறுகாயைச் சாதாரண மண்முட்டியில் போட்டுப் பாருங்கள். சில நாட்களுக்குள் முட்டியின் வெளிப்புறத்தில் உப்புப் பூத்துவிடும். இரண்டும் மண்தான். இரண்டையும் வனைந்தவை மனிதக் கைகள்தான். வேறுபாடு அவை பட்ட நெருப்பில் இருக்கிறது. சாடி கடுமையான சூளையில் வெந்து கல்லைப்போல் இறுகிவிட்டது. முட்டி அப்படி வேகவில்லை.

இப்படிக் கல்லாக இறுகிய ஒரு சாடியைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அது ஊறுகாய்ச் சாடி அல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடலின் அடியில் கிடந்து, பின்னர் மேலே எடுக்கப்பட்ட சாடி. அதன் கழுத்தில் ஒரு மனித முகம் இருக்கிறது. அந்த முகத்துக்கு ஒரு புனிதரின் பெயரைச் சூட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது.

கடல் காத்துவைத்த சாடி

1655ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலொன்று டெக்செல் என்னும் துறையிலிருந்து பாய்விரித்துப் புறப்பட்டது. அதன் பெயர் ‘வெர்குல்டே டிறாக்’. ‘பொன்முலாம் பூசிய வலுசர்ப்பம்’ என்று பொருள். அது போய்ச் சேரவேண்டிய இடம் யாவாத் தீவில் இருந்த பத்தாவியா. கப்பலில் 193 பேரும், எட்டுப் பெட்டி வெள்ளி நாணயங்களும், பலவகை வியாபாரப் பொருட்களும் இருந்தன. 1656ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள், விடிவதற்கு முன், அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கற்பாரொன்றில் மோதி அது சிதறியது. கரையேறியவர்கள் 75 பேர் மட்டுமே. மற்ற 118 பேரையும் கடல் கொண்டுபோயிற்று.

கரையேறியவர்களுள் ஏழுபேர் சிறிய படகொன்றில் ஏறி, நாற்பது நாள் வரை கடலில் அலைந்து, பத்தாவியாவை அடைந்து செய்தி சொன்னார்கள். அந்த ஆண்டிலும், மீண்டும் 1658ஆம் ஆண்டிலும் மற்றவர்களைத் தேடிக் கப்பல்கள் சென்றன. கரையில் நின்ற அந்த 68 பேரில் ஒருவரைக்கூட அவர்கள் காணவில்லை.

1963ஆம் ஆண்டிலேதான் அந்தக் கப்பலின் சிதைவு, பேர்த் நகருக்கு வடக்கே கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலிய நூதனசாலையினர் அதை முறையாக அகழ்ந்து ஆராய்ந்தார்கள. வெள்ளி நாணயங்களும், யானைத் தந்தங்களும், களிமண்ணாற் செய்த புகைக்குழாய்களும், செங்கற்களும் கிடைத்தன. அவற்றோடு தாடிக்காரனின் முகம் பதித்த சாடிகளும் கிடைத்தன.

உப்பும் நெருப்பும்

இந்தத் தாடிக்காரச் சாடிகளைச் செய்தவர்கள் யேர்மனி நாட்டு றைன் நதிப் பக்கத்துக் குயவர்கள். கொலோன் நகருக்கு அருகே பிறெக்கன் என்னும் ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்குள்ள களிமண் கடும் சூட்டைத் தாங்கும். சக்கரத்தில் வனைந்து, காயவைத்து, சூளையில் அடுக்கி, 1200 பாகை செல்சியஸ் அளவுக்கு எரிப்பார்கள். சூளை தகதகவென்று கொதிக்கும் வேளையில், மேலுள்ள துவாரங்கள் வழியாக உப்பை அள்ளி உள்ளே போடுவார்கள். ஆம், நாம் கறிக்குப் போடும் அதே உப்புத்தான். அந்தச் சூட்டில் உப்பு ஆவியாகி, களிமண்ணிலுள்ள மணற்சத்தோடு கூடி, சாடியின் மேல் கண்ணாடிபோன்ற ஒரு தோலாகப் படிந்துவிடும். தோடம்பழத்தின் தோலைப்போலப் பொரிபொரியாக, தவிட்டு நிறத்தில் அது மின்னும்.

நெருப்பில் உப்பை ஏற்றுக்கொண்ட அந்தச் சாடியைக் கடலின் உப்பு ஒன்றும் செய்ய முடியவில்லை. குறைவாக வெந்த மட்பாண்டம் கடலில் கிடந்தால் உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே எடுத்துக் காயவிட்டால் உள்ளேயிருக்கும் உப்பு படிகமாகி, பாத்திரத்தின் மேற்பரப்பையே உரித்துத் தள்ளிவிடும். ஆகவே அத்தகைய பாத்திரங்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, மாதக்கணக்கில் உப்பை இறக்கவேண்டியிருக்கிறது. கல்லாய் இறுகிய சாடி உப்புநீரை உள்ளே விடுவது மிகக் குறைவு. மேலே சுண்ணாம்பும் சிப்பியும் ஒட்டியிருக்கும். அவற்றைப் பொறுமையாக அகற்றினால், சூளையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே தாடிக்காரன் நம்மைப் பார்க்கிறான்.

அந்த முகத்தைப் பற்றி ஒன்றைக் கவனியுங்கள். அது சாடியோடு சேர்த்து வனையப்பட்டதல்ல. தனியே ஓர் அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, பிறகு கழுத்திலே ஒட்டியது. வயிற்றுப் பாகத்தில் காணப்படும் பூவேலையும் நகரங்களின் விருதுச் சின்னங்களும் அப்படியே ஒட்டப்பட்டவைதான். ஒரே அச்சிலிருந்து எத்தனை முகங்களையும் எடுக்கலாம். எந்தச் சாடியிலும் ஒட்டலாம். சாடிக்குள் திராட்சை இரசம் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, வெறும் தண்ணீர் இருக்கிறதா என்பது முகத்துக்குத் தெரியாது.

கேலிக்குப் பிறந்த பெயர்

இந்தச் சாடிகள் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்துக்கும் போயின. மதுக்கடைகளில் அவற்றுக்கு ஒரு பெயர் வந்தது: ‘பெலார்மின்’. அது கர்தினால் றொபேட் பெலார்மினின் பெயர். பெருவயிறும் கடுகடுத்த முகமும் தாடியுமாக நின்ற அந்தக் குடிபாத்திரத்துக்கு ஒரு கத்தோலிக்கக் கர்தினாலின் பெயரை இட்டுச் சிரித்தார்கள்.

ஏன் அவ்வளவு கோபம்? பெலார்மின் யேசு சபைத் துறவி. லூவேனிலும் உரோமையிலும் கற்பித்த பேராசிரியர். திருச்சபையின் போதனைகளை விளக்கி அவர் எழுதிய பெருநூல் ஐரோப்பா முழுவதையும் கலக்கியது. 1606ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னன் தன் கத்தோலிக்கக் குடிமக்கள்மீது ஒரு சத்தியப் பிரமாணத்தைச் சுமத்தியபோது, அதை எதிர்த்துப் பேனா பிடித்தவரும் இவரே. மன்னனே நேரில் மறுப்பு எழுதவேண்டியதாயிற்று. வாதத்திலே வெல்ல முடியாதவனைக் கேலியிலே வெல்லப் பார்ப்பது உலக வழக்கமல்லவா?

ஆனால் உண்மை என்ன? தாடிக்கார முகம் பதித்த சாடிகள் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செய்யப்பட்டுவந்தன. பெலார்மின் பிறந்ததோ 1542ஆம் ஆண்டில், இத்தாலியின் மொன்டெபுல்சியானோவில். அந்த முகம் அவருடையதே அல்ல! வேறு யாரோ செய்துவைத்த முகத்தை அவர் தலையில் கட்டினார்கள்.

பெருவயிற்றுக் குடிபாத்திரத்துக்குப் பெயராக்கப்பட்ட அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார்? 1599ஆம் ஆண்டில் கர்தினாலாக உயர்த்தப்பட்ட பிறகும் அவர் எளிய துறவியாகவே உண்டார், உடுத்தார். தம் அறைச் சுவர்களில் தொங்கிய கனத்த திரைச்சீலைகளைக் கழற்றி ஏழைகளுக்கு உடையாகக் கொடுத்துவிட்டு, சுவர்களுக்குச் சளி பிடிக்காது என்று அவர் சொன்னதாக அவர் வரலாற்றில் கூறப்படுகிறது. 1621ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் அவர் உரோமையில் இறந்தார். திருச்சபை அவரை 1930ஆம் ஆண்டில் புனிதராகவும், மறு ஆண்டில் மறைவல்லுநராகவும் அறிவித்தது. செப்டெம்பர் 17 அவருடைய திருநாள்.

அவர் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 1616ஆம் ஆண்டில், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையை ஏற்றுப் பேசலாகாது என்ற கட்டளையைக் கலிலேயோவுக்கு அறிவிக்கும் பொறுப்பு பெலார்மினுக்கு வந்தது. அந்த விஷயத்தில் அன்றைய முடிவு தவறானது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. புனிதர்களும் தம் காலத்தின் அறிவுக்குள்ளேதான் வாழ்ந்தார்கள். ஆனால் அதன் பின் நடந்ததைக் கேளுங்கள். கலிலேயோ கர்தினாலின் முன் தன் கொள்கையைச் சத்தியம் செய்து மறுத்துவிட்டான், அவனுக்குத் தண்டனைத் தவமும் கொடுக்கப்பட்டது என்று ஊரெல்லாம் வதந்தி பரவியது. கலிலேயோ பெலார்மினிடமே வந்து முறையிட்டார். கர்தினால் என்ன செய்தார்? 1616 மே 26ஆம் நாளிட்டுத் தம் கைப்படவே ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார்: இந்த மனிதர் எதையும் சத்தியம் செய்து மறுக்கவில்லை, இவருக்குத் தவம் எதுவும் விதிக்கப்படவில்லை, இவருக்கு அறிவிக்கப்பட்டது கட்டளை மட்டுமே என்று.

 தம்மோடு கருத்து வேறுபட்ட ஒருவர்மேல் பொய்முகம் ஒட்டப்பட்டபோது, அதைப் பிடுங்கி எறிய முன்வந்தார். அன்பர்களே, புனிதத்துவம் என்பது இதுதான்.

நம் தீவிலும்

வெர்குல்டே டிறாக் பாரில் மோதி இரண்டு வாரங்களில், 1656 மே 12ஆம் நாள், அதே கம்பனியிடம் கொழும்புக் கோட்டை சரணடைந்தது. 1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. அந்த ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. நம் முன்னோர் பாப்பரசரின் ஆட்கள் என்று இகழப்பட்டார்கள். குருவில்லை, திருப்பலியில்லை, வீட்டுக்குள்ளே செபமாலை மட்டும் எஞ்சியது.

1687ஆம் ஆண்டில் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்திறங்கினார் ஜோசப் வாஸ் அடிகளார். பின்னர் கண்டி இராச்சியத்துக்குப் போனபோது அவர்மேலும் ஒரு முகத்தை ஒட்டினார்கள்: போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று. அதனால் சிறைப்பட்டார். சிறையிலும் செபித்தார், வெளியே வந்து நோயாளிகளைப் பராமரித்தார். ஒற்றன் என்ற பெயர் இன்று எங்கே? 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத் திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நம்மில் பலர் கண்ணாற் கண்டோமே!

நம் ஆண்டவருக்கும் இது புதிதல்ல. போசனப் பிரியன் என்றும் குடியன் என்றும் அவரைச் சொன்னார்கள். முள்முடி சூட்டி அரசனே என்று முழந்தாளிட்டுச் சிரித்தார்கள். கேலியாகச் சிலுவையின் மேல் அறைந்த அந்தப் பட்டத்தை, இன்று நாம் விசுவாசத்தோடு அறிக்கையிடுகிறோம்.

நான் சிரித்த நாள்

இவ்வளவும் எழுதிவிட்டு என் குற்றத்தை மறைத்தால், இந்த எழுத்துக்குப் பயனில்லை.

நான் குருவான புதிதில் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். அங்கே ஒரு சகோதரி இருந்தார். இளம் வயதிலேயே மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போய், பதினொரு வருடம் உழைத்து, தம்பிமாரைப் படிப்பித்து, தங்கைக்குச் சீதனம் கொடுத்துக் கரைசேர்த்தவர். திரும்பி வந்தபோது தலையில் நரை, கையில் ஒன்றுமில்லை. ஊர் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தது: ‘றியால்’. முதலில் அது பணத்தைப் பற்றிய பகிடி. பிறகு அந்தப் பணம் எப்படி வந்தது என்பதைப் பற்றிய பகிடியாயிற்று. அதை நான் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை பங்கு மக்கள் சிலர் திருநாள் வேலைகளைப் பற்றிக் கோயில் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். பீடத்துக்குப் பூ யார் கொண்டுவருவது என்று கேள்வி வந்தது. “றியாலிட்டைச் சொன்னால் காணும், காசுக்குக் குறைவில்லை” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் வாசலில் நின்றார். கையில் ஒரு பை நிறைய நித்தியகல்யாணியும் செவ்வரத்தையும். ஒன்றும் பேசாமல் பூவைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு முதல் அவர் நம் கோயிலுக்கு வரவில்லை. மூன்று மைல் நடந்து அடுத்த பங்குக் கோயிலுக்குத் திருப்பலிக்குப் போனார்.

இரண்டு கிழமை என் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டிய பிறகு, அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சுவாமி, பேர் வைச்சது ஆரெண்டு எனக்குத் தெரியாது. சிரிச்சது ஆரெண்டு தெரியும்.”

அவர் என்னை மன்னித்தார். பொய்யில்லை, மனமார மன்னித்தார். ஆனால் நான் அந்தப் பங்கிலிருந்து மாற்றலாகும்வரை, அடுத்த ஊர்க் கோயிலுக்கே நடந்தார். மன்னிப்புக் கிடைத்தபின்னும் நடந்துதீரவேண்டிய தூரம் ஒன்று இருக்கிறது என்பதை அன்று படித்தேன். என் சிரிப்புக்கான தூரத்தை அவர் கால்கள் நடந்தன.

நம் வீடுகளில்

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளே, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்லி நாம் தப்பிக்கொள்கிறோம். ஊர் என்பது யார்? நீங்களும் நானும்தானே? பெயரை வைப்பவன் ஒருவன். அது வாழ்வது, கேட்டுச் சிரிக்கும் நூறு பேராலே. யாரும் சிரிக்காத பகிடி பிறந்த இடத்திலேயே செத்துப்போகும்.

முகாமிலிருந்து, சிறையிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு ஒரு பெயர். கணவனை இழந்தவளுக்கு ஒரு பெயர். பரீட்சையில் தவறிய மகனுக்கு வீட்டிலேயே ஒரு பெயர். காலூனமான அயலவருக்கு ஒரு பெயர். சாதியைச் சுட்டும் பெயரை இரகசியமாகச் சொல்லி, கல்யாணப் பேச்சைக் குலைக்கும் நாவுகளும் நற்கருணை வாங்கும் நாவுகளே. எல்லாம் அச்சிலிருந்து எடுத்து ஒட்டிய முகங்கள். உள்ளே இருப்பது திராட்சை இரசமா, தண்ணீரா, கண்ணீரா என்று நாம் பார்ப்பதில்லை. மண்பாண்டத்தில் தெய்வீகச் செல்வம் இருக்கிறது என்று புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினாரே, அந்தச் செல்வம் நமக்குப் பிடித்தவர்களின் பாண்டத்தில் மட்டுமா இருக்கிறது?

கேலிப்பெயரைச் சுமந்து வாழும் சகோதரனே, சகோதரியே, உமக்கும் ஒரு சொல். உம் கழுத்தில் ஒட்டப்பட்ட முகம் உம்முடையதல்ல. நீர் பட்ட நெருப்பு உம்முடையது. நீர் விழுங்கிய உப்பு உம்முடையது. அவற்றாலே ஆண்டவர் உம்மை எவ்வளவு உறுதியாக்கியிருக்கிறார் என்பதை உமக்குப் பெயர் வைத்தவன் அறியமாட்டான். வனைந்தவர் அறிவார்.

அந்தக் கப்பலை மீண்டும் நினைக்கிறேன். ஒட்டிவைத்த களிமண் முகம் முந்நூறு ஆண்டு கடலில் கிடந்தும் அழியாமல் மேலே வந்தது. அதற்கு நூதனசாலையில் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் கரையில் கப்பலை எதிர்பார்த்து நின்ற 68 உண்மையான முகங்கள்? அவற்றை ஒருவரும் காணவில்லை. மனிதர் எதைக் காத்துவைக்கிறோம், எதைத் தொலைத்துவிடுகிறோம் என்று எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. காணாமற் போனவர்களுக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் தாய்மார் வாழும் மண்ணில் நான் இதை விளக்கவேண்டியதில்லை. மனிதர் தொலைத்த முகத்தை ஆண்டவர் தொலைப்பதில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆயன் அவர். அவர் அழைப்பது நாம் வைத்த பட்டப்பெயரால் அல்ல.

ஆகவே இந்த வாரம் குடும்ப செபத்தின்போது ஒன்று செய்வோம். செபமாலை முடிந்தபின், நம் வீட்டிலோ தெருவிலோ கேலிப்பெயரால் அழைக்கப்படும் ஒருவரை நினைப்போம். அவருடைய ஞானஸ்நானப் பெயர் தெரியுமா என்று பிள்ளைகளைக் கேட்போம். தெரியாவிட்டால் போய்க் கேட்டு அறிவோம். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மரியே சொல்வோம். மறுநாள் அவரைத் தெருவில் காணும்போது, அந்தப் பெயராலேயே அழைப்போம்.

ஆண்டவரே, எங்கள் வாய்க்குக் காவல் வையும். பெயர் வைக்கும் நாவிலிருந்தும், சிரிக்கும் உதட்டிலிருந்தும் எங்களை இரட்சித்தருளும். ஆமென்.